வலி நின்றால் போதுமா?

நள்ளிரவில் பல்வலி வந்தவரைப் பார்த்திருக்கிறீர்களா? கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு கூடத்தில் நடப்பார். கிராம்பை வைத்துக் கடிப்பார். உப்பு நீரால் வாய் கொப்பளிப்பார். விடிந்ததும் முதல் ஆளாகப் பல் மருத்துவரிடம் போய் நிற்பார். மருத்துவர் பல்லைத் திறந்து, சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, "அடுத்த வியாழக்கிழமை மறக்காமல் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார். வியாழக்கிழமை வரும், அவர் போகமாட்டார். "வலிதான் இல்லையே, பிறகு எதற்கு?" என்பார்.

இந்தக் கேள்வி நியாயமானது போலத் தோன்றுகிறது. ஆனால் அது தவறு என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதற்குள் டென்டீன் என்ற அடுக்கு. நடுவே மென்மையான பற்கூழ். நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அதில்தான் உள்ளன. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் இனிப்பை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். சொத்தை பற்கூழை எட்டியதும் அது வீங்க முற்படுகிறது. சுற்றிலும் கடினமான சுவர். வீங்க இடம் ஏது? அழுத்தம் ஏறி நரம்பை நெருக்குகிறது. அதுதான் உயிர் போகும் வலி. மருத்துவர் பல்லைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. நோயுற்ற பற்கூழை நீக்கியதும் வலியை அறிவிக்கும் நரம்பும் போய்விடுகிறது. ஆகவே, வலி நின்றது நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. அபாய மணியை நிறுத்திவிட்டோம். தீ இன்னும் அணையவில்லை.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று வேர்க்குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் மெல்லிய அரங்களால் சுத்தம் செய்து நிரந்தரமாக அடைக்க வேண்டும். இதற்குப் பலமுறை போக நேரலாம். இடையில் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கே தாங்கும். பிறகு அது தேயும், எச்சில் கசியும், பாக்டீரியாக்கள் மீண்டும் புகுந்து, வேரின் நுனியைச் சுற்றியுள்ள தாடை எலும்பைப் பாதிக்கும். வலியே இல்லாமல் பல மாதங்கள் எலும்பு கரையும்; எக்ஸ்ரே படத்தில் மட்டும் கரிய நிழலாகத் தெரியும்.

மாத்திரை விழுங்கினால் ஆகாதா? ஆகாது. மாத்திரையின் மருந்து இரத்தத்தோடுதான் செல்லும். பற்கூழ் இல்லாத பல்லுக்குள் இரத்த ஓட்டம் ஏது? முடிவில், காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க நேரும். அரிதாகச் சிலருக்கு நோய் நாக்கின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் பரவி மூச்சையே அடைத்துவிடும். ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த நோய் இது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

உங்களில் சிலர் பல் சீரமைப்புக்காகக் 'கிளிப்' அணிந்திருப்பீர்கள். கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கம் புதிதாக வளர்வதால்தான் பல் நகர்கிறது. வரச் சொன்ன நாளில் போகாவிட்டால் சிகிச்சை நீளும். கம்பியைச் சுற்றி அழுக்குச் சேர்ந்து புதிய சொத்தையும் உண்டாகலாம்.

இனி மருத்துவரின் பக்கம் வருவோம். உங்களுக்காக அவர் அரை மணி நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். கருவிகளைப் பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் தூய்மை செய்து வைத்திருக்கிறார். நீங்கள் வராவிட்டாலும் வாடகையும் உதவியாளர் சம்பளமும் நிற்பதில்லை. வலியால் துடிக்கும் இன்னொருவருக்கு அந்த நேரம் கிடைத்திருக்கும், அதுவும் வீணாயிற்று. சிலர் வரமாட்டார்கள் என்று எண்ணி மருத்துவர் ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுக்கத் தொடங்குகிறார். இருவரும் வந்துவிட்டால் ஒருவர் காத்துக் கிடக்க வேண்டும். காத்து அலுத்தவர் அடுத்த முறை வருவதில்லை. இப்படித் தவறு தவறையே வளர்க்கிறது.

வராதவர்களுக்கு அபராதம் விதித்தால் என்ன என்று கேட்கலாம். நான் அதை ஏற்கமாட்டேன். ஒருநாள் கூலியை இழக்க முடியாதவர், பேருந்து கிடைக்காதவர், ஊசிக்கு அஞ்சுபவர் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். இங்கிலாந்தின் அரசு நலவாழ்வுத் திட்டத்திலும் 2006-இல் வந்த புதிய ஒப்பந்தம், வராதவரிடம் பல் மருத்துவர் கட்டணம் வாங்குவதற்கு இடம் தரவில்லை. அபராதத்துக்கு அஞ்சும் ஏழை, மருத்துவமனைப் பக்கமே வராமல் போகலாம்.

அதைவிட நல்ல வழிகள் உண்டு. வலி நின்ற பிறகும் ஏன் வரவேண்டும் என்பதை மருத்துவர் விளக்கிச் சொல்லவேண்டும். முந்தின நாள் தொலைபேசியில் நினைவூட்டலாம். பள்ளிகள் சிகிச்சைக்குச் செல்லும் மாணவருக்கு முகம் சுளிக்காமல் அனுமதி தரவேண்டும். நம் கடமையோ மிக எளியது. போக முடியாதென்றால் ஒருநாள் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு சொல்லால் வேறொருவரின் இரவு வலியின்றிக் கழியும்.

எனாமல் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது. அடுத்த முறை வீட்டில் யாராவது "வலிதான் இல்லையே" என்றால், பல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். கையோடு மருத்துவரிடம் அழைத்தும் செல்லுங்கள்.