மாப்ளே, சம்பளத்தை விடு.. பத்திரத்தைக் காட்டு!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுட்டு, செத்த நேரம் கண்ணசரலாம்னு பாயை விரிச்ச நேரத்தில் அக்கா மகன் பைக்கில் வந்து இறங்கினான். முகத்தில் சந்தோசமும் இருக்கு, குழப்பமும் இருக்கு.

"மாமா, ரெண்டு கம்பெனியிலேருந்து ஆஃபர் வந்திருக்கு. எதுல சேரட்டும்?"

பையன் பைலட்டுக்குப் படிச்சவன். கேட்டது விமானக் கம்பெனி வேலையைப் பத்தி. கேட்டது யாருகிட்ட? கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்கு 25 வருஷமா பஸ்ஸில் போய், கூட்டுறவு வங்கியில் நகைக்கடனும் பயிர்க்கடனும் எழுதிக்கிட்டிருக்கிற என்கிட்ட. நான் விமானத்தில் ஏறினதே மொத்தம் மூணு தடவை. அதுல ஒரு தடவை இறங்குற வரைக்கும் கண்ணைத் திறக்கலை :-)

ஆனா அவன் என்கிட்ட வந்ததுக்குக் காரணம் இருக்கு. அவனோட கல்விக்கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து என்னோடது.

கொஞ்சம் பின்னாடி போவோம். மச்சானுக்கு வடகாடு பக்கம் மூணு ஏக்கர் தென்னை இருந்தது. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா அடிச்சப்ப அத்தனையும் சாஞ்சிடுச்சு. நம்ம மாவட்டத்து ஆளுங்களுக்கு அதைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். திரும்ப நட்டு, காய்ப்புக்கு வர இன்னும் எத்தனை வருஷமோன்னு மச்சான் திண்ணையில் உக்காந்திருந்தார். அப்ப பையன் பிளஸ் டூ. "மண்ணு போதும், இவனாவது மேல போகட்டும்"னு ரெண்டு ஏக்கரை வித்துட்டார். வித்த காசும் பத்தலை. வீட்டை அடமானம் வச்சு கடன். எல்லாம் சேர்த்து 58 லட்சம்!

வடநாட்டில் ஒரு பறக்கும் பள்ளி. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்கணும். ஒன்றரை வருஷத்தில் முடியும்னு சேர்க்கும்போது சொன்னாங்க. அங்க போனா விமானம் ரிப்பேர், சொல்லித்தர ஆள் இல்லை, குளிர்காலத்தில் பனி மூட்டம். மூணு வருஷம் ஆச்சு. முடிச்சு வந்தும் ஒரு வருஷத்துக்கு மேல வேலை இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனா, "பிளேன் ஓட்டப் படிச்ச பையன் ஊர்ல என்ன பண்றான்?"னு நாலு பேர் கேப்பாங்க. அக்கா கல்யாண வீடுகளுக்குப் போறதையே விட்டுட்டா.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் இப்ப ஒண்ணுக்கு ரெண்டா வேலை வந்திருக்கு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒண்ணு பெரிய கம்பெனி. ஏர்பஸ் ஏ-320. ஆனா அந்த ரக விமானத்தை ஓட்டத் தனியா ஒரு பயிற்சி எடுக்கணும், டைப் ரேட்டிங்னு பேரு. அந்தச் செலவு 18 லட்சத்தை நாமதான் முன்கூட்டியே கட்டணும். முடிச்சு லைனுக்கு வந்தா மாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல. இருப்பிடம் டெல்லி.

ரெண்டாவது சின்ன கம்பெனி. காத்தாடி வச்ச ஏடிஆர்-72. எழுபது பேர் சொச்சம் உக்காருற விமானம். பயிற்சிச் செலவு கம்பெனியோடது. ஆனா அஞ்சு வருஷம் பாண்டு. நடுவில் விட்டா 20 லட்சம் கட்டணும். சம்பளம் முதல் கம்பெனியில் பாதிக்குக் கொஞ்சம் மேல. இருப்பிடம் ஹைதராபாத்.

வீட்டில் ஓட்டெடுப்பு நடந்திருக்கு. மச்சான் பெரிய கம்பெனி கட்சி. "பேரைச் சொன்னா நாலு பேருக்குத் தெரியணும்ல." பையனோட கூட்டாளிகளும் அதே. காத்தாடி விமானம் ஓட்டினா மினி பஸ் டிரைவர்னு கிண்டல் பண்றாங்களாம். அக்கா மட்டும், "எதுல போனா திருச்சி வழியா வருவான்?"னு கேட்டிருக்கா. (திருச்சி ஏர்போர்ட் இருக்கிறதே புதுக்கோட்டை ரோட்டில்தான்!)

நான் ஆஃபரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே சொன்னேன். "மாப்ளே, சம்பளத்தை விடு. பத்திரத்தைக் காட்டு."

ஏன் அப்படிச் சொன்னேன்னு விளக்கணும்.

நிலம் வித்து, வீடு வச்சு, பிள்ளையைப் பைலட் ஆக்குற குடும்பம், 'எந்தக் கம்பெனி அதிகம் தருது?'ன்னு கேக்கக்கூடாது. 'இந்தக் கம்பெனி நாளைக்கு மூடினா, இல்ல நானே வெளிய வர நெனச்சா, அன்னைக்கு என் கையில் என்ன இருக்கும்?'னு கேக்கணும். இதுதான் என் கட்சி.

பெரிய கம்பெனி மூடாதுன்னு யார் சொன்னது? 1993-ல் பறக்க ஆரம்பிச்ச ஜெட் ஏர்வேஸ் ஒரு காலத்தில் நாட்டிலேயே பெருசு. 2019 ஏப்ரல் 17 ராத்திரியோட முடிஞ்சது. கிங்ஃபிஷர் காலண்டரைப் பார்த்து வாயைப் பொளந்த ஊர் நம்மூர். 2012 அக்டோபரில் நின்னுச்சு. நிக்கிறதுக்கு முன்னாடியே ஊழியர்களுக்கு மாசக்கணக்கில் சம்பளம் பாக்கி. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3. நம்ம மதுரையிலிருந்து கிளம்பின பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-ல் ஆரம்பிச்சு 2010-ல் காணோம். ஆக, பெருசு சிறுசு பார்த்து எமன் வரலை.

அந்தக் கம்பெனிகள் மூடினப்ப பைலட் கையில் மிஞ்சினது என்ன? சட்டையில் இருந்த கோடுகளா? இல்லை. எத்தனை மணி நேரம் பறந்தான்னு எழுதி வச்ச லாக் புக். அதுதான் அவன் சிட்டா, அடங்கல் எல்லாம். கேப்டன் ஆகணும்னா ஏடிபிஎல் லைசென்ஸ் வேணும், அதுக்குக் குறைஞ்சது 1500 மணி நேரம். வருஷத்துக்கு 1000 மணிக்கு மேல பறக்கக்கூடாதுன்னு விதி. ஆக 200 மணி நேரத்தோட நிக்கிற பையன், எங்க சீக்கிரமா, ஒழுங்கா மணி சேருமோ அங்க இருக்கணும். ஏடிஆர்ல ஒரே நாளில் பல தடவை ஏறி இறங்கணும். கை பழகும். கேப்டன் வரிசையும் பொதுவா நீளம் குறைச்சல்.

எதிர்வாதமும் இருக்கு, மறைக்கலை. பின்னாடி வளைகுடா பக்கம் போகணும்னா அங்க பல கம்பெனிகள் ஜெட் மணி நேரத்தைத்தான் கேக்கும். ஏர்பஸ் தெரிஞ்சவனுக்கு நாலு வாசல், ஏடிஆர் தெரிஞ்சவனுக்கு ரெண்டு வாசல். நெசம்தான். ஆனா அந்த நாலு வாசலுக்கு முன்னாடி 18 லட்சம் எடுத்து வைக்கணுமே? மிச்சமிருக்கிற ஒரு ஏக்கரையும் வித்தா வரும். அப்புறம் அந்தக் கம்பெனி ஏதாச்சும் ஆனா?

சரி, பத்திரத்துக்கு வருவோம். இது என் தொழில்.

மொதல்ல சம்பளம்னு போட்டிருந்த எடத்தில் சின்ன எழுத்தைப் படிச்சேன். எத்தனை மணி நேரத்துக்கு நிச்சயச் சம்பளம், அதுக்கு மேல பறந்தா எவ்வளவுன்னு இருக்கும். 2024 ஏப்ரலில் விஸ்தாரா பைலட்டுகள் கூட்டமா லீவு போட்டு விமானங்கள் ரத்தாச்சே, ஞாபகம் இருக்கா? ஏர் இந்தியாவோட இணைப்புக்கு முன்னாடி, 70 மணி நேரத்துக்குன்னு இருந்த நிச்சயச் சம்பளத்தை 40 மணிக்குன்னு மாத்தினதுதான் பிரச்சினை. அதனால கடிதத்தில் போட்டிருக்கிற பெரிய நம்பர் முழுசும் நம்முது இல்லை. நிச்சயம்னு எழுதின நம்பர்தான் தவணை கட்டும்.

ரெண்டாவது பாண்டு. 'அதெல்லாம் கோர்ட்டில் நிக்காது மாமா, பசங்க எல்லாம் சொல்றாங்க'ன்னான். அடேய்! 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. எங்க வங்கித் துறை வழக்கு. மூணு வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம் கட்டணும்னு விஜயா வங்கி போட்ட பாண்டு செல்லும்னு சொல்லிட்டாங்க. அதனால 'நிக்காது'ன்னு நெனச்சு எதுலயும் கையெழுத்துப் போடாதே. கட்ட வேண்டி வரும்னு நெனச்சே போடு.

பாண்டு அடிமைச் சாசனம்னு சிலர் சொல்றாங்க. நான் அப்படி நினைக்கலை. கம்பெனி நிஜமாவே செலவு பண்ணியிருந்தா, அதுக்கு ஈடு கேக்கிறது நியாயம். பயிர்க்கடன் குடுத்துட்டு நாங்க கேக்கலையா? ஆனா நாலு வருஷம் வேலை பார்த்தவனும் அதே 20 லட்சம், நாலு மாசம் பார்த்தவனும் அதே 20 லட்சம்னா அது நியாயமில்லை. வருஷா வருஷம் குறையணும்.

மூணாவது நோட்டீஸ். 2017-லிருந்து கேப்டன் விலகணும்னா 12 மாசம் முன்னாடி சொல்லணும், துணை விமானிக்கு 6 மாசம்னு டிஜிசிஏ விதி. 2023-ல் ஆகாசாவில் நாப்பத்துச் சொச்சம் பைலட்டுகள் நோட்டீஸ் முடிக்காம போனாங்க. விமானங்கள் ரத்தாகி, விவகாரம் பாம்பே ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. பெட்டியோட நின்ன பயணியை நெனச்சா அப்படிப் போனது தப்புன்னுதான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு கேக்கிறேன். ஜெட் மூடினப்ப எத்தனை மாச நோட்டீஸ் குடுத்தாங்க? சம்பளத்தை நிறுத்தின கம்பெனியை விட்டு அன்னைக்கே போகலாம்னு பத்திரத்தில் ஒரு வரி இருக்க வேண்டாமா? நோட்டீஸ்னா ரெண்டு பக்கமும் இருக்கணும். என்ன நான் சொல்றது?

நாலாவது ஓய்வு. இது யாரும் கேக்காத கேள்வி. பைலட்டுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆகணும், ராத்திரி தரையிறக்கம் 6-லிருந்து 2 ஆகணும்னு புது விதி 2025-ல் ரெண்டு கட்டமா வந்தது. அதுக்கேத்த மாதிரி திட்டம் போடாம, 2025 டிசம்பர் 5 ஒரே நாளில் இண்டிகோ ஆயிரம் விமானத்துக்கு மேல ரத்து பண்ணுச்சு. அப்புறம் அவங்களுக்குத் தற்காலிகமா விலக்கும் கிடைச்சது. நிறைய பேர் விதியைத்தான் திட்டினாங்க. எனக்கு வேற ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஹைட்ராலிக் கோளாறுன்னு எரிபொருளைக் குறைக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல வானத்திலேயே வட்டமடிச்சது. உள்ள 141 பயணிகள். நம்ம பக்கத்து ஊர்களிலிருந்து பொழைக்கப் போற சனம். பொரி கடலைத் தட்டோட மொட்டை மாடியில் நின்னு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டிருந்தோம். அக்கா சாமி ரூமை விட்டு வெளிய வரலை. ராத்திரி எட்டே காலுக்குப் பத்திரமா இறங்கிடுச்சு. அன்னைக்கு அந்தச் சீட்டில் இருந்தவங்க நல்லா தூங்கி எழுந்து வந்தவங்களா இருக்கணும்கிறதுதான எல்லாருக்கும் வேணும்? ஓய்வைப் பிடுங்குற கம்பெனி ரெண்டு லட்சம் குடுத்தாலும் எனக்கு வேண்டாம். ரோஸ்டர் எப்படிப் போடுறாங்கன்னு அங்க வேலை பாக்கிற ரெண்டு பேர்கிட்ட போன்ல கேளுன்னேன். கேட்டான். சின்ன கம்பெனி போற ஊர்களில் பலதும் ராத்திரி மூடிடுமாம்.

எல்லாம் பேசி முடிச்சப்ப சாயங்காலம் ஆறு. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பாண்டுக்கு ஜாமீன்தாரர் ஒருத்தர் வேணும். கூடவே கையெழுத்துப் போட்ட வெத்து செக் ஒண்ணு.

பையன் என் முகத்தைப் பார்த்தான். இதைக் கேக்கத்தான் வந்திருக்கான்னு அப்பத்தான் புரிஞ்சது.

எனக்கும் பயம்தாங்க. ரிட்டயர்மெண்டுக்கு ஆறு வருஷம். பொண்ணு கல்யாணம் பாக்கி. ஏற்கனவே ஒரு ஜாமீன். வெத்து செக் குடுத்து, 138-வது பிரிவுல கேஸ் வாங்கி, கோர்ட்டுக்கு அலைஞ்ச எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! "மாப்ளே, நான் போடுறேன். ஆனா ரெண்டு விஷயம் கேட்டு மெயில் அனுப்பு. தொகை வருஷா வருஷம் குறையணும். செக்கில் தொகையை எழுதித்தான் குடுப்பேன், வெத்தா குடுக்க மாட்டேன்."

"கேட்டா வேலையே போயிடும் மாமா.."

"கேட்டதுக்கே போற வேலைன்னா, அது போகட்டும்."

சொல்லிட்டேனே ஒழிய, அடுத்த ஒன்பது நாள் எனக்குத் தூக்கமில்லை. அக்கா போன் பண்ணினா எடுக்கவே கை நடுங்குச்சு. பத்தாவது நாள் பதில் வந்தது. தொகை வருஷத்துக்கு 4 லட்சம் வீதம் குறையும், சரி. செக்கில் தொகை எழுதலாம், சரி. சம்பளம் நின்னா நோட்டீஸ் வேண்டாம்கிற வரியையும் பையனே தைரியமா சேர்த்துக் கேட்டிருக்கான். அதுக்கு மட்டும் 'முடியாது'.

கையெழுத்துப் போட்டுட்டேன். மச்சான் இன்னும் முழு மனசா பேசலை. பெரிய கம்பெனியை விட வச்சுட்டேன்னு வருத்தம். நாளைக்கு இது தப்பாப் போனா திட்டு எனக்குத்தான், தெரியும். ஆனா அந்த ஒரு ஏக்கர் இன்னும் மச்சான் பேரில் இருக்கு. கஜாவுக்கு அப்புறம் நட்ட கன்னு அதுல பாளை விட்டிருக்கு.

நம்ம பக்கம் நிலத்தை வித்துப் பிள்ளையைப் பைலட்டுக்கு அனுப்பியிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆஃபர் வந்த அன்னைக்கு இனிப்பு வாங்குங்க, தப்பில்லை. ஆனா மறுநாள் காலையில் பத்திரத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியா படிங்க. புரியலைன்னா புரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. உங்க ஊர்லயும் என்னை மாதிரி ஒரு கடன் குமாஸ்தா இல்லாமயா போயிடுவார்?

பி.கு: பையன் ஓட்டுற முதல் விமானத்தில் என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வச்சிருக்கணும்னு கண்டிஷன். அதைப் பத்திரத்தில் எழுதச் சொன்னான், நான் கையெழுத்துப் போடலை :-)