இளைப்பாறியவரின் ஆரோக்கியம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது ஆன்றோர் வாக்கு. ஆயினும், நோயில்லாதவர் யாவரும் நலமாக வாழ்கின்றனரா? இளைப்பாறிய ஒருவர் இருக்கும் இல்லங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது.

முப்பது ஆண்டுகள் அரசாங்க சேவை செய்து, 60 வயதில் வீட்டோடு தங்கிவிட்டவரை எண்ணிப் பாருங்கள். குருதியமுக்கம் அளவோடிருக்கின்றது, நீரிழிவு இல்லை, ஓய்வூதியமும் தவறாது வருகின்றது. ஆனால், காலைத் தேநீர் அருந்தியபின் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சாய்மனைக் கதிரையிலேயே பொழுது கழிகின்றது. கறியில் உப்புக் கூடினாற் கோபம். பேரப்பிள்ளைகள் சத்தமிட்டாற் கோபம். நாளடைவில் பேச்சுக் குறைகின்றது, உறக்கமும் குறைகின்றது. வைத்தியரோ, “உடம்பில் ஒரு குறையுமில்லை” என்கிறார்.

உடம்பிற் குறையில்லை என்பது மெய்யே. ஆனால் ஆரோக்கியம் உடம்போடு முடிவதன்று. நோயின்மை மட்டும் ஆரோக்கியமாகாது, உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் நிறைவுற்றிருப்பதே ஆரோக்கியம் என 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு கூறுகின்றது. அமெரிக்க வைத்தியரான பில் ஹெட்லர் 1976இல் இதனை மேலும் விரித்து, உடல், உணர்ச்சி, அறிவு, சமூகம், ஆன்மிகம், தொழில் என ஆறு கூறுகளாக வகுத்தார்.

இவ்வாறனுள் தொழிலையே நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். தொழில் என்பது சம்பளம் மட்டுமன்று. குறித்த வேளையில் எழுவதும், பஸ்ஸுக்கு நடப்பதும், நண்பரோடு உரையாடுவதும், சிக்கலொன்றைத் தீர்ப்பதும், “நான் வேண்டப்படுகிறேன்” என்ற நிறைவும் அதனோடு ஒட்டியே வந்தவை. கந்தோர் வாழ்வு முடிந்ததும் இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. நடை குறையத் தசை தளர்கின்றது. தனிமை மிக மனம் சோர்கின்றது. நீடித்த தனிமை இருதயத்தையும் தாக்க வல்லது என்பது இன்றைய மருத்துவர் கருத்து.

ஆகவே சகோதரிகளே, “நீங்கள் சும்மா இருங்கள்” என்று கூறி, அவர் கையிலுள்ள வேலையையெல்லாம் வாங்கிவிடாதீர்கள். அது அன்பினால் விளையும் தீங்கு. கடைக்கு ஓடும் ஏவல் வேலை போதாது, பொறுப்பொன்றை ஒப்படையுங்கள். பேரப்பிள்ளையின் கணிதப் பாடமோ, வீட்டுத் தோட்டமோ, சனசமூக நிலையத்தின் வரவு செலவுக் கணக்கோ அவருடையதாகட்டும். வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது, நண்பரொருவரோடு விரைந்து நடப்பாராக. கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ அவருக்குரிய தொண்டு காத்திருக்கும்.

இன்னுமொன்று. சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உணவும் உறக்கமும் கெடுமாயின், “வயசுக் கோளாறு” எனத் தள்ளிவிடலாகாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தினாலும் ஆலோசனையாலும் குணமாகக் கூடியது. மனநல வைத்தியரை நாடுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

இல்லத்தரசிக்கோ இளைப்பாறும் வயதென்பதே இல்லை. வீட்டுப் பொறுப்பிற் பாதியைக் கணவர் ஏற்பாராயின், அவருக்கு ஒரு தொழில் கிட்டும். அவளுக்கும் ஒரு புத்தகம் வாசிக்கவோ, அயலாரோடு சற்று உரையாடவோ அவகாசம் கிட்டும். ஒரே மாற்றத்தால் இருவர் நலமும் பெருகுமன்றோ!