மேட்டில் மட்டும் மூச்சு வாங்கிய கார்

என் மனைவியின் தம்பி ஈப்போவில் வேலை செய்கிறார். மாதம் இரண்டு முறையாவது கோலகங்சாருக்குப் போய் வருவார். மாமனார் அங்கே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தின் ஓரத்தில் இன்னமும் குடியிருக்கிறார். பால்மரங்கள் போய் செம்பனை வந்துவிட்டது, அவர் மட்டும் நகரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அவரிடமிருந்து போன் வந்தது. "அத்தான், வண்டி ஏற மாட்டேங்குது. பின்னால லோரி ஹாரன் அடிக்கிறான். பிள்ளைங்க அழுறாங்க." ஜெலாப்பாங்கைத் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில், 40 கிலோமீட்டர் வேகத்தில் விபத்து விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்திருக்கிறார். அந்த மேட்டில் இரவு நேரத்தில் ஊர்வது எப்படியிருக்கும் என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும்.

கார் 20 வயதைக் கடந்தது. ஆனால் ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் குழப்பம். ஏற்கெனவே ஒரு பட்டறையில் பிளக், காயில் எல்லாம் மாற்றியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் பார்த்தபோது 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்ற கோடு வந்ததாம். உடனே ஆக்சிஜன் சென்சரையும் மாற்றிவிட்டார்கள். அந்த சென்சர், பெட்ரோல் போதவில்லை என்று சேதி சொன்ன தூதன். தூதனை மாற்றினால் சேதி மாறுமா?

நான் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெயோட பிரஷரைப் பார்த்தாங்களா?" யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பிரஷர் கேஜை மாட்டினோம். எஞ்சின் சும்மா ஓடும்போது 38 பிஎஸ்ஐ. ரெகுலேட்டரில் இருக்கும் சிறிய வேக்கம் குழாயைக் கழற்றியதும் 47க்கு ஏறியது. குழாய்க்குள் பெட்ரோல் வாடையும் இல்லை. ஆக, ரெகுலேட்டர் நன்றாகவே இருக்கிறது. இங்கேயே நிறுத்தியிருந்தால் 'பிரஷர் சரி' என்று நானும் தப்பாகச் சொல்லியிருப்பேன்.

நின்ற இடத்தில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம்தான். பாதி அடைத்த வழியில்கூட அது வந்து சேர்ந்துவிடும். மேட்டில் முழுதாக மிதிக்கும்போதுதான் பற்றாக்குறை வெளியே வரும். அதனால் கேஜின் குழாயைப் பானெட் இடுக்கு வழியாக எடுத்து, கேஜைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் கட்டிக்கொண்டு அதே மேட்டுக்குப் போனோம். (கேஜை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. குழாய் விட்டுப்போனால் பெட்ரோல் மடியில் கொட்டும்.) மிதித்ததும் முள் 47ஐ நோக்கி ஏற வேண்டும். ஏறவில்லை. 40, 33, 25 என்று இறங்கிக்கொண்டே போனது. வண்டியும் மூச்சு வாங்கியது.

இப்படிப் பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சினை அழுத்தி ஓட்டினால் உள்ளே சூடு ஏறும். பிஸ்டன்வரை போய்விடும். அதனால் உடனே திரும்பிவிட்டோம்.

வெளியில் இருக்கும் பில்டர் புதிது. பின் இருக்கையைத் தூக்கி, பம்புக்கு வரும் மின்சாரத்தை எஞ்சின் ஓடும்போது அளந்தோம்: 13.4 வோல்ட், குறையில்லை. பழைய கார்களில் துருப்பிடித்த எர்த் ஒயராலேயே பம்ப் சோர்ந்துபோவதுண்டு. பலர் இதைப் பார்க்காமலே புதுப் பம்ப் வாங்கிவிடுகிறார்கள். இனி பாக்கி தொட்டிக்குள்தான்.

பேட்டரி ஒயரைக் கழற்றி, பிரஷரை இறக்கி, தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்தவெளியில் பம்பை வெளியே எடுத்தோம். அடியில் இருக்கும் வலைச் சல்லடை கறுத்துக் களிமண்போல இருந்தது. தொட்டி அடியில் துரு. மைத்துனருக்கு எப்போதும் 20 வெள்ளிக்கு எண்ணெய் போடும் பழக்கம். காலியாகக் கிடக்கும் இரும்புத் தொட்டியில் ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும்.

தொட்டியைக் கழுவி, புதுச் சல்லடை போட்டோம். பம்பை மாற்றவில்லை. அடுத்த ஞாயிறு கேஜோடு மறுபடியும் அதே மேடு. சுரங்க வாசல்வரை முள் 46க்குக் கீழே வரவில்லை.

வீட்டில் கதையைக் கேட்ட மாமனார் சிரித்தார். "பால் வடிகட்டியில கட்டி சேர்ந்தா வாளியில இருக்கிறது இறங்காது மாப்பிள்ளை. இதுக்கா இத்தனை நாளு?" 1877இலேயே ரப்பர் கன்று நட்ட ஊர்க்காரரிடம் நான் என்ன சொல்ல?

கழற்றிய பழைய சென்சர் இன்னும் காரின் டேஷ்போர்டு பெட்டியில் நாளிதழ்த் தாளில் சுற்றிக் கிடக்கிறது. அது கெட்டுப்போகவே இல்லை. ஆனால் புதியதற்குக் கொடுத்த 380 வெள்ளி திரும்பி வராது. மைத்துனருக்கு அதைத் தூக்கிப்போட மனமில்லை.