கொல்லைக்கு சிமெண்ட் போடாதீங்கப்பா!

எங்க மருங்காபுரி பக்கம் புதுசா வீடு கட்டுறவங்க கடைசியா ஒரு வேலை பண்றாங்க. கொல்லைப்பக்கம் பூரா தளம் போட்டு மூடிடறாங்க. கேட்டா "சுத்தமா இருக்கும்ல"ங்கறாங்க. வாசல்ல ரெண்டு குரோட்டன்ஸ் தொட்டி. அப்புறம் லீவு விட்டா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்குப் போறாங்க. கொல்லையில தானா வந்ததை விரட்டிட்டு டிக்கெட் எடுத்துப் பாக்குறது!

பூங்காவைக் குறை சொல்லலை. 2015ல திறந்தது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல சுமார் 25 ஏக்கர், நல்ல இடம். ஆனா போறவங்க ஃபோட்டோ எடுக்கறதோட சரி, அங்க பூச்சி ஏன் வருதுன்னு பாக்கறதில்லை. வண்ணத்துப்பூச்சிக்கு ரெண்டு வகை செடி வேணும். தேன் குடிக்க ஒண்ணு, முட்டை வைக்க ஒண்ணு. தேன் எந்தப் பூவுலயாவது கிடைச்சுடும். முட்டை விஷயத்துலதான் அது பயங்கர பிடிவாதம். வெந்தய வரியனுக்கு எருக்கு வேணும். இன்னும் சிலதுக்கு ஆமணக்கு, கொன்றை. வீட்டு எலுமிச்சையிலயும் கறிவேப்பிலையிலயும் முட்டை வைக்கிற பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் இருக்கு. அதோட குட்டிப் புழு பாக்க காக்கா எச்சம் மாதிரியே இருக்கும் (பறவைகிட்ட இருந்து தப்பிக்கத்தான் அந்த வேஷம்). குரோட்டன்ஸை நம்மூர் புழு எதுவும் தின்னு நான் பாத்ததில்லை. வாங்குறவங்களுக்கும் அதுதானே வேணும், இலை ஓட்டையாகாம பளபளன்னு இருக்கும்!

இங்கதான் எனக்குக் கோபம் வருது. எருக்கைப் பாத்தா பிடுங்கறோம். கறிவேப்பிலையில புழு தெரிஞ்சா மருந்து அடிக்கறோம், அதையே நாளைக்கு ரசத்துலயும் போடறோம். அப்புறம் மார்ச் 20 வந்தா "சிட்டுக்குருவியைக் காப்போம்"னு ஸ்டேட்டஸ். 2010ல இருந்து அந்த நாளைக் கொண்டாடறாங்க. பெட்டி கட்டி அரிசி போட்டா குருவி வந்துடுமா? பெரிய குருவிதான் தானியம் தின்னும், குஞ்சுக்கு ஊட்டுறது பெரும்பாலும் புழு பூச்சி. புழுவைக் கொன்னுட்டு குருவிக்கு வீடு கட்டுறது என்ன கணக்குன்னு தெரியலை.

வேலி கதை இன்னும் மோசம். முன்னாடி கிளுவை வேலி இருந்த இடத்துல எல்லாம் இப்ப கல்லுக்காலும் கம்பியும். பக்கத்துல கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல கடவூரைச் சேத்து 2022ல தேவாங்குக்குன்னே சரணாலயம் அறிவிச்சாங்க, 11,806 ஹெக்டேர். இந்தியாவுல தேவாங்குக்கு அதுதான் முதல் சரணாலயம். தேவாங்குக்குத் தாவத் தெரியாது, கிளை விட்டு கிளை பிடிச்சு நிதானமா நடக்கும். ராத்திரியில பூச்சி பிடிச்சுத் தின்னும். சரணாலய எல்லையில போர்டு இருக்கு, சரி. அதைத் தாண்டி வந்தா அது பிடிச்சு நடக்க கிளை வேணாமா? மரத்தையும் வேலியையும் வெட்டினது அரசாங்கம் இல்லை, நாமதான்.

"பாம்பு வருமே?" இதுல நியாயம் இருக்கு, எங்க பக்கம் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நிஜமாவே உண்டு. அதனால கதவுப்பக்கம், துணி காயப்போடுற இடம், கக்கூஸ் போற வழி எல்லாம் செதுக்கி வெச்சுக்குங்க. விறகை சுவரோட ஒட்டி அடுக்காதீங்க. ராத்திரி டார்ச் இல்லாம இறங்காதீங்க. பாம்பு வர்றது எலிக்கு, எலி வர்றது சிந்தின தானியத்துக்கும் குப்பைக்கும். அதை ஒழுங்கு பண்ணாம எத்தனை மூட்டை சிமெண்ட் கொட்டினாலும் பாம்பு வாசல் வழியா வரும். கடைசி மூலை ஒண்ணை மட்டும் தொடாம விடுங்கன்னுதான் கேக்கறேன். காட்டையே கொல்லையில வளக்கச் சொல்லலை.

அடுத்து கொசு. டெங்கு கொசு முட்டை வைக்கிறது செடியில இல்லை. மொட்டைமாடி டயர், திறந்து கிடக்குற தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்குற தட்டு, இதுல தேங்குற தண்ணியிலதான். பறவைக்கு வைக்கிற தண்ணியும் அப்படித்தான். ஆழமில்லாத மண் சட்டியில வெச்சு, தினமும் கொட்டி, நல்லா தேய்ச்சுக் கழுவி, புதுசா ஊத்தணும். கொட்டுற தண்ணியை கறிவேப்பிலைக்கு விடுங்க.