மரத்துக்குக் கணக்கு உண்டு, மரம் சீவுகிறவருக்கு?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் காடழிப்பைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. ரப்பர், செம்பனை, மரம், கோக்கோ, காப்பி, சோயா, மாடு ஆகிய ஏழு சரக்குகளை அது கட்டுப்படுத்துகிறது. 2020 டிசம்பர் 31ஆம் தேதிக்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த சரக்கு ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையக் கூடாது என்பது அதன் கட்டளை. சரக்கு விளைந்த நிலம் எது என்று படக்குறியோடு காட்ட வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்கு மேற்பட்ட நிலமானால் எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும். அமலுக்கு வரும் நாள் இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டது. ஆயினும் தோட்ட ஆபீசுகளில் அதற்கான கோப்புகள் திறக்கப்பட்டுவிட்டன.

நல்லது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மழை தவறிப் பெய்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் நாம். விடியற்காலை மரம் நனைந்திருந்தால் உளி எடுக்க முடியாது. சீவிய பின் மழை கொட்டினால் மங்கிலுள்ள பால் தண்ணீரோடு போய்விடும். வானமும் காடும் நம் சோற்றுப் பானையோடு சம்பந்தப்பட்டவை என்பதை எந்தப் பேராசிரியரும் வந்து நமக்குப் போதிக்க வேண்டியதில்லை.

நாம் கேட்பது வேறு. மரம் நிற்கும் இடத்துக்கு வானத்திலிருந்து குறி பார்க்கிறார்கள். அந்த மரத்தடியில் இருட்டில் நின்று பால் எடுக்கிற ஆணும் பெண்ணும் என்ன கூலி வாங்குகிறார்கள், எப்படிப்பட்ட வீட்டில் படுக்கிறார்கள் என்பதை யார் குறித்துக்கொள்கிறார்கள்?

உலக வர்த்தகம் நமக்குப் புதிய சொல்லா, தோழர்களே? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஜெரெஜா தீவில் தடுப்பு முகாமில் அடைபட்டு, பினாங்குக் கரையில் இறங்கிய பாட்டன் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் வந்திறங்கிய அதே துறைமுகத்தின் வழியாகத்தான் அவர்கள் எடுத்த பால் தாளாகி, பேலாகிக் கப்பலேறியது. அன்றிலிருந்து நம் வீட்டு அரிசிக்கும் நியூயார்க், லண்டன் சந்தைகளுக்கும் இடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கயிறு எந்தப் பக்கம் இழுக்கப்பட்டது என்பதைச் சரித்திரத்தில் பாருங்கள்.

1929இல் அமெரிக்காவில் வீழ்ச்சி வந்தது. 1932இல் ரப்பர் விலை ராத்தலுக்குப் பத்துக் காசுக்கும் கீழே போயிற்று. பல பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரக் கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். பிறகு மீண்டும் கூலியில் கைவைக்கப்பட்டபோது, 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதையே நிறுத்தியது. விலை இறங்கியபோது கயிற்றின் நுனி நம் கழுத்தில் இருந்தது.

விலை ஏறியபோது? 1941இல் போருக்காக உலகமே ரப்பர் கேட்டது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். பட்டாளம் வந்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்து வர்த்தகம் அடியோடு நின்றது. அப்போது தோட்டத்து மக்களில் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சந்தை நடந்தாலும் நமக்கு அடி. சந்தை நின்றாலும் நமக்கு அடி!

1949இல் ராத்தல் 40 காசுக்கும் குறைவாக இருந்த விலை, கொரியா யுத்தத்தால் 1951இல் சராசரி ஒன்றரை வெள்ளியைத் தாண்டியது. அந்த லாபத்தில் நமக்கென்று வந்ததெல்லாம் பேச்சுவார்த்தை மேசையில் போராடி வாங்கியதேயன்றி, தானாக வந்த காசு ஒன்றுமில்லை. சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954இல் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததன் காரணமும் அதுவே.

“சந்தை விலையை யார் கட்டுப்படுத்த முடியும்? அது மழை மாதிரி” என்று முதலாளிமார் கூறுவார்கள். அப்படியா? 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் என்று ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்கியவர்கள் யார்? 1934இல் பல நாடுகள் சேர்ந்து உற்பத்திக்கு அளவு வகுத்தது எப்படி? 1979இல் சர்வதேச இயற்கை ரப்பர் ஒப்பந்தம் ஏற்பட்டு, கோலாலம்பூரிலேயே அலுவலகம் வைத்து, விலை இறங்கும்போது வாங்கிச் சேர்த்தும் ஏறும்போது விற்றும் சமன் செய்ய முயன்றார்களே. அந்த அமைப்பு 1999இல்தானே கலைக்கப்பட்டது? முதலுக்கு ஆபத்து என்றால் சந்தையைக் கட்டிப் போட முடிகிறது. கூலி என்று வாய் திறந்தால் மட்டும் சந்தை மழையாகிவிடுகிறது!

இப்போது புதிய வாதம் வருகிறது. “ஐரோப்பியச் சட்டத்தால் செலவு கூடிவிட்டது, இந்த நேரத்தில் கூலி கேட்காதீர்கள்.” அத்தோடு, “வெள்ளைக்காரன் தன் காட்டை அழித்துவிட்டு நமக்குப் புத்தி சொல்கிறான்” என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டாவது பேச்சில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. இந்த நாட்டுக் காட்டை வெட்டி ரப்பர் நட்டவை பெரும்பாலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளே. 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நாடுகளைத் தரம் பிரித்தபோது தாய்லாந்தையும் வியட்நாமையும் குறைந்த ஆபத்து வரிசையில் வைத்து, மலேசியாவை நடுத்தர வரிசையில் வைத்தது. அதை எதிர்த்து அரசாங்கம் வாதாடட்டும்; நாமும் துணை நிற்போம். ஆனால் பெரிய வீட்டுச் சண்டையைக் காட்டிச் சின்ன வீட்டு அடுப்பை அணைக்கப் பார்ப்பது என்ன நியாயம்?

“காடு விவகாரம் நமக்கு எதற்கு?” என்று கேட்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சட்டத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. சரக்கு, விளைந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு உற்பத்தியாகியிருக்க வேண்டும் என்றும், அச்சட்டங்களில் தொழிலாளர் உரிமையும் அடங்கும் என்றும் அது கூறுகிறது. முதலாளிமார் மேடையில் இந்தப் பகுதியைப் படித்துக் கேட்டதுண்டா? ஐக்கிய நாடுகள் சபை 2015இல் நிலைத்த மேம்பாட்டுக்கு 17 குறிக்கோள்கள் வகுத்தது. பதினைந்தாவது, காடும் நிலமும். எட்டாவது, கண்ணியமான வேலை. முதலாவது, வறுமை ஒழிப்பு. பதினைந்தைப் படித்த கண்ணுக்கு எட்டும் ஒன்றும் மட்டும் மங்கலாகத் தெரிவானேன்?

வர்த்தகக் கதவு தொழிலாளிக்காகவும் மூடப்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. 2020 ஜூலையில், கொள்ளைநோய் காலத்தில் கையுறைக் கம்பெனிகள் லாபம் குவித்துக்கொண்டிருந்தபோது, உலகிலேயே பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவின் இரு துணை நிறுவனங்களின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. கட்டாய உழைப்பு என்பது குற்றச்சாட்டு. வெளிநாட்டுத் தொழிலாளர் வேலைக்கு வரக் கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது, குடியிருப்பைச் சீர்செய்தது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. கெஞ்சியபோது பிறக்காத மனம், கப்பல் நின்றபோது பிறந்தது! நம் அருகில் நிரை பிடிக்கும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழருக்கும் இது பொருந்தும். அவருக்குக் குறைந்த கூலி என்றால் நாளை நமக்கும் அதுவே கூலி என்பதை மறந்துவிடலாகாது.

பினாங்கு மாநிலத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு. தோட்ட நிலமாக இருந்த பத்து காவானைப் பாருங்கள். 2014இல் இரண்டாவது பாலம் வந்தது. ஆலைகளும் பெருங்கடைகளும் வந்தன. செபராங் பிறை நெடுகிலும் இதே மாற்றந்தான். உலக வர்த்தகம் நேற்று ரப்பர் கேட்டது, இன்று மின்னணுச் சில்லு கேட்கிறது. வளர்ச்சியை நாம் தடுக்கவில்லை. மூன்று தலைமுறை இருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லும்போது, போவதற்கு ஒரு வீடு எங்கே என்றுதான் கேட்கிறோம். மனிதனை வெளியே தள்ளிவிட்டு நிலைக்கும் மேம்பாடு யாருக்காக நிலைக்கிறது?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: நிலப்படக் கோப்போடு கூலிக் கோப்பும் இணைக்கப்பட வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ராத்தல் கணக்கிலோ துண்டு வேலையாகவோ கூலி வாங்குபவருக்கும் அதற்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அது கொடுக்கப்பட்டதா என்பதைச் சங்கம் பார்வையிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு: வீடு, குடிநீர், ஆயக்கொட்டகை ஆகியவை குறித்து 1990ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், 446ஆம் சட்டம், சொல்வது நடக்கிறதா என்பதும் அக்கோப்பில் ஏற வேண்டும்.

மூன்று: சான்று பெற்ற ரப்பருக்குக் கூடுதல் விலை வந்தால் அதில் பால் எடுத்தவருக்குப் பங்கு வேண்டும். சான்று பெறும் செலவு கூலியில் பிடிக்கப்படலாகாது.

நான்கு: தோட்டம் விற்கப்பட்டால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படியான பணிநீக்கப் பணத்தோடு, குடியிருக்க வீடும் கொடுத்த பிறகே நிலம் கைமாற வேண்டும்.

கிராணிமார்களே! செக்ரோல் நம் கையில் இருக்கிறது. நிலக்குறியும் பால் எடையும் கூலியும் நம் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகின்றன. பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் எழுத மாட்டோம் என்று நிற்பதே இன்று நாம் தொழிலாளிக்குச் செய்யக்கூடிய பெரிய தொண்டு. ஒற்றையாய் நின்றால் வேலை போகும். சங்கமாய் நின்றால் நியாயம் நிற்கும்.

பால் எடுக்கும் தோழர்களே! உங்கள் சம்பளச் சீட்டை எறிந்துவிடாதீர்கள், பத்திரப்படுத்துங்கள். வேலை செய்த நாள், மழையால் நின்ற நாள் இரண்டையும் குறித்து வையுங்கள். கிளைக் கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டு வாருங்கள். ஐரோப்பாவில் ஒருவன் டயர் வாங்கும்போது அந்த ரப்பர் நின்ற மண்ணின் கணக்கைக் கேட்கும் காலம் வந்திருக்கிறது. நம் கணக்கையும் அவன் முன் வைப்போம்!