யார் வீட்டில் விருந்தாளி?

சித்தன்னவாசல் அறிவர் கோயில் முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை. பதினாறு வயசிருக்கும். பட்டுப்பாவாடை, தலைநிறைய மல்லிகை. கூட்டிவந்த டவுன் வீட்டம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க கலாச்சாரத்துல வீட்டுக்கு வந்தவங்க சாமி மாதிரி." அந்தப் பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டது. பாவம், அதன்மேல் நமக்கென்ன கோபம்?

இதற்குப் பேர் மாணவர் பரிமாற்றம். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டில், முன்பின் தெரியாத குடும்பத்தில் மாதக்கணக்கில் தங்கும். அங்கேயே பள்ளிக்கூடம் போகும், தொண்டு செய்யும், அந்த வீட்டுப் பானையில்தான் சோறு. முதல் உலகப்போரில் அடிபட்டவர்களை ஆம்புலன்சில் தூக்கிச் சென்ற அமெரிக்கர்களின் ஏ.எஃப்.எஸ். அமைப்பு 1947இலிருந்து பள்ளிப் பிள்ளைகளை இப்படி அனுப்பத் தொடங்கியது. 2002இல் அமெரிக்க அரசு 'யெஸ்' என்ற உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் இந்தியப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். ஒரே கூரையில் இருந்தால் பகை கரையும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான்.

ஆனால் இதே கணக்கை 1932இலேயே நம்மாள் போட்டுக் கொடுத்துவிட்டார். மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போகும்போது, நவம்பர் 14 அன்று, அண்ணல் அம்பேத்கர் தக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னாளில் ஹரிஜன சேவக் சங்கமான அமைப்பின் செயலாளர் இந்தத் தக்கர். தீண்டப்படாதவர்களை உங்கள் வீடுகளுக்குள் விருந்தாளியாகவோ வேலையாளாகவோ சேருங்கள், கூடி வாழ்ந்தால்தான் உங்கள் அருவருப்பு போகும் என்று விளக்கியிருந்தார். பதில் இல்லை. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை என அவரே பிறகு பதிந்து வைத்திருக்கிறார். கடல் தாண்டிய பிள்ளைக்குத் திறந்த கதவு, தெரு தாண்டிய பிள்ளைக்குத் திறக்கவில்லை.

இதே சித்தன்னவாசல் மலைக்குகையில் ஈராயிரம் ஆண்டுப் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எருமைநாட்டிலிருந்து, அதாவது இன்றைய மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு இந்த ஊர்க்காரர்கள் கல்லில் படுக்கை செய்து கொடுத்த சேதி. அந்த மலை இருக்கும் அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் நம் சனம் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். விசாரிக்கப் போன கலெக்டர் பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டுபிடித்தார். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. என்ன செய்தது? பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்த 3 பேர் மேலேயே குற்றப்பத்திரிகை. விருந்தாளி சாமியாம்!

பரிமாற்றத்துக்குப் போகிற பிள்ளைகளை 'கலாச்சாரத் தூதுவர்' என்கிறார்கள். இங்கிலீஷ் நேர்காணலில் தேறி, பாஸ்போர்ட் எடுத்துப் போகிற பிள்ளை கோலம் போட்டுக் காட்டும், பரதம் ஆடும், சாம்பார் வைக்கும். பறையும் கருவாடும் மாட்டுக்கறியும் அந்தப் பெட்டியில் ஏறுமா? சேரியைப் பற்றி அங்கே யாராவது கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? அதற்கே தெரியாதே, அதன் தப்பு இல்லை. சாதி மட்டும் பெட்டியில் பத்திரமாக ஏறிவிடுகிறது. அதனால்தான் 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் மாநகராட்சி சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட வேண்டி வந்தது.

நம் பிள்ளை போனால்? வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க தலித் மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022இல் அதன் விதியைத் திருத்தினார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாது. பாருங்கள் தோழர்களே, கோலம் போடுகிறவனுக்கு நம் கலாச்சாரம் பாடம். அதில் அடிபட்டவன் அதையே ஆராய்ந்தால் மட்டும் காசு இல்லை! அந்த விதியை எடு என்று மாணவர் அமைப்புகள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதோடு இன்னொன்றும் கேட்போம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். அன்னவாசல் ஒன்றியத்து ஊர்த்தெருப் பிள்ளைகள் பத்து மாசம் சேரி வீட்டில் தங்கிப் படிக்கட்டும். நம் பிள்ளைகள் ஊர்த்தெரு வீட்டில், அடுப்படிக்கும் போய்வந்து, அதே சொம்பில் தண்ணி மோந்து குடித்துத் தங்கட்டும். அரசாங்கம் செலவைக் கொடுக்கட்டும். மாணவர் பரிமாற்றம் நடத்துகிற சங்கங்களே, முதல் விண்ணப்பத்தை வேங்கைவயலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன், அந்த டவுன் வீட்டம்மா தன் வீட்டில் ஒரு கட்டில் காலியா என்று பார்த்துச் சொல்லட்டும்.