மருந்து ஒன்று, விலை பலவா?

கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பாளி மக்கள் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் கூலி போயிற்று. மூன்றாம் நாள் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கையிருப்பும் போயிற்று. அந்தப் பில்லைப் பாருங்கள்! ஊசி மருந்தின் மூலப்பெயரைத் தேடினாலும் கிடைக்காது. கம்பெனி சூட்டிய பெயரே இருக்கும்.

செஃப்ட்ரியாக்சோன் ஊசியையே எடுத்துக்கொள்வோம். பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. குப்பிக்குள் இருப்பதோ ஒரே மருந்து. ஜி.எஸ்.டி. கணக்கில் இவையெல்லாம் 3004 என்ற ஒரே குறியீட்டுத் தலைப்பில்தான் வருகின்றன. வரி போடும் சர்க்காருக்கு ஒன்றாகத் தெரியும் மருந்து, பணம் கட்டும் நோயாளிக்கு மட்டும் வேறு வேறாவது எப்படி?

விலைக் கட்டுப்பாடு இல்லையா? இருக்கிறது. 1995ம் ஆண்டு உத்தரவு உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலை நிர்ணயித்தது. 2013ம் ஆண்டு உத்தரவு அதைக் கைவிட்டது. சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள கம்பெனிகள் கடைக்காரரிடம் வாங்கும் விலையின் சராசரியோடு 16 சதவீதம் சேர்த்தால், அதுவே உச்சவரம்பு! பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் ஏற்றவும் அனுமதி உண்டு.

'ஜெனரிக் மருந்து வந்தால் போதும்' என்பார் சிலர். இது பாதி உண்மையே. மலிவாக வாங்கிய ஆஸ்பத்திரி, அச்சிட்ட விலைக்கே பில் போட்டால் ஏழைக்கு என்ன மிச்சம்? 2018ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டில்லி வட்டாரத்து நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்தது. 5 ரூபாய் 77 காசுக்கு வாங்கிய குழாய்த் திருகு ஒன்று, 106 ரூபாய்க்கு நோயாளி தலையில் கட்டப்பட்டிருந்தது. லாபம் 1,737 சதவீதம்! விலையேற்றத்தின் பெரும் பலனை அடைந்தது மருந்து கம்பெனியல்ல, ஆஸ்பத்திரியே என்று கண்டது ஆணையம்.

மாற்று வழி இல்லையா? நம் மாநிலமே காட்டியிருக்கிறது. 1994ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப்பெயரில் டெண்டர் விட்டு, மொத்தமாக வாங்கி, பரிசோதனைக்கூடத்தில் சோதித்த பின்பே சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ஆகவே, 'மலிவு மருந்து மட்டமானது' என்ற கூச்சல் செல்லாது. கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழையிடம் இந்த மருந்துக்கு யாரும் பில் நீட்டுவதில்லை.

மூலப்பெயரில் மருந்து எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது!

எனவே நாம் கோருவது இது: ஒவ்வொரு பில்லிலும் மருந்தின் மூலப்பெயர், ஆஸ்பத்திரி வாங்கிய விலை, விற்ற விலை மூன்றும் இருக்கட்டும். ஆஸ்பத்திரி லாபத்துக்குச் சட்டம் வரம்பு கட்டட்டும். உற்பத்திச் செலவே விலைக்கு அடிப்படையாகட்டும். நோயில் கிடப்பவனுக்குப் பேரம் பேசத் தெம்பிருக்காது. அவனுக்காகப் பேச வேண்டியது சட்டம். அந்தச் சட்டத்தைப் பேச வைக்க வேண்டியது நாம்!